வெள்ளெழுத்தும் படிவளர் வில்லையும்

ஆனைக்கரை முதலிய ஏலமலைப் பகுதிகளில் தமிழ் பேசுவோரும் மலையாளம் பேசுவோரும் நாற்பது வயதுக்குப் பின் அண்மைப் பார்வை மங்குவதை ‘வெள்ளெழுத்து’ என்னும் ஒரே சொல்லாற் குறிக்கின்றனர். பெயரில் ‘எழுத்து’ இருப்பதனாற் போலும், இது படித்தவர்க்கே உரிய குறை என்ற எண்ணம் நிலவுகிறது. இது பெருந்தவறு. ஏலச்செடியின் அடியில் தரையையொட்டிப் படரும் சரங்களில் முற்றிய காயை மட்டும் தேர்ந்து பறிப்பவருக்கும், இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளுபவருக்கும் அண்மைப் பார்வையே பிழைப்பாகும்.

கண்ணினுள் அமைந்த வில்லை இளமையில் நெகிழ்ந்து குவியும் இயல்புடையது. ஆண்டுகள் செல்லச் செல்ல அஃது இறுகுகிறது. பத்து வயதுச் சிறுவன் 8 சென்டிமீட்டர் தொலைவிலும் தெளிவாகக் காண்பான். நாற்பத்தைந்து வயதினருக்கு அவ்வெல்லை 25 சென்டிமீட்டரையும் கடந்துவிடும்.

2017-ஆம் ஆண்டில் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன 751 தொழிலாளரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. ஒரு பாதியினருக்கு அண்மைப் பார்வைக் கண்ணாடி உடனே வழங்கப்பட்டது. அவர்கள் நாளொன்றுக்குப் பறித்த கொழுந்து, மற்றப் பாதியினரைவிடச் சுமார் 5 கிலோ கூடுதலாக உயர்ந்தது. எடைக்கேற்பக் கூலி பெறுவோர்க்கு 5 கிலோ சிறிதன்று.

இனி வில்லையின் வரலாறு. மேற்பாதி சேய்மைக்கும் கீழ்ப்பாதி அண்மைக்குமான இருகுவியக் கண்ணாடியைப் பிராங்க்ளின் 1784-ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் குறிப்பிட்டார். நடுவிலுள்ள கோட்டில் பார்வை தாவுவது அதன் குறை. கோடின்றி வலிமை மெல்ல மாறும் வில்லைக்கு 1907-இல் ஆங்கிலேயர் ஓவன் ஏவ்ஸ் காப்புரிமை கோரினார். ஆயினும் பிரெஞ்சுப் பொறியாளர் பெர்னார் மேத்தனாஸ் வகுத்த ‘வாரிலக்ஸ்’ 1959-இல் வெளிவந்த பின்னரே அது கடைகளில் விலைபோகும் பொருளாயிற்று. கடைக்காரர் ‘புரோகிரசிவ்’ என்பது இதனையே. வில்லையின் வளைவு மேலிருந்து கீழ்நோக்கிச் சிறிது சிறிதாகக் கூடுவதே இதன் நுட்பம். இதற்கு ஒரு விலையும் உண்டு: நடுவே ஒடுங்கிய பாதையில் மட்டும் காட்சி தெளியும், இருபுறமும் கோணும். வலிமை எவ்வளவு விரைவில் மாறுகிறதோ, பக்கவாட்டுக் கோணல் அதனினும் இருமடங்கு விரைவிற் பெருகும் என்று 1963-இல் மின்க்விட்ஸ் கணித்துக் காட்டினார்.

கரும்பலகையையும் மாணவர் ஏட்டையும் மாறி மாறி நோக்கும் ஆசிரியர்க்கு இவ்வில்லை பெரிதும் உகந்தது. சரிவில் கூடை சுமந்து இறங்குபவரின் நிலை வேறு. அவர் குனிந்து அடிவைக்கும் இடத்தை வில்லையின் கீழ்ப்பகுதி வழியே காண்பார். அங்கே படி மங்கும். இத்தகைய கண்ணாடி அணிந்த முதியோர் மிகுதியாக இடறி விழுவதாக 2002-ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆய்வொன்று தெரிவித்தது. ஆகவே, பறிக்கும்போது அணிந்து, நடக்கும்போது கழற்றிக் கயிற்றில் தொங்கவிடத்தக்க எளிய கண்ணாடியே அவர்களுக்கு ஏற்றது என்பது எம் கருத்து.

களப்பணியாளர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். படிக்கும் தொலைவான 40 சென்டிமீட்டருக்கு 2.5 டயாப்டர் தேவை. கையெட்டும் 60 சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.7 போதும். இதில் ஒரு பகுதியை அவரவர் கண்ணே ஈடுசெய்யும். ஆதலின் எழுத்து அட்டையை மட்டும் நீட்டிச் சோதியாது, தொழிலாளியைச் செடியருகே நிறுத்தி, கண்ணுக்கும் கைக்கும் இடையேயுள்ள தொலைவை நாடாவால் அளந்து குறித்துப் பரிசோதகரிடம் அனுப்புக.