புண்பட்ட மனசும் வெள்ளிக்கிழமை கைதும்

வெறுப்புப் பேச்சுக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்ற குரல் மறுபடியும் ஓங்குகிறது. கையில் இருக்கிற சட்டம் யார்மீது பாய்கிறது என்று பார்த்தால், இன்னொன்று வேண்டுமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

பேச்சுக்கு எப்போது தடை போடலாம் என்பதற்கு ‘ஒரே ஒரு கிராமத்திலே’ பட வழக்கையே எடுத்துக்கொள்வோம். சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் கேள்வி கேட்ட படம். தணிக்கையில் கிடைத்த ‘யு’ சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. படம் திரைக்கு வந்தால் சட்டம் ஒழுங்கு கெடும் என்றது மாநில அரசு. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. வெடிமருந்தில் விழும் தீப்பொறிபோல, பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்தால்தான் தடை செல்லும். கலவரம் செய்வோம் என்று மிரட்டுகிறவர்களை அடக்குவது அரசின் கடமை, அது கைவிரிக்க முடியாது என்றது தீர்ப்பு.

காவல் நிலையத்தில் நடப்பது வேறு. ‘என் மனம் புண்பட்டது’ என்று ஒருவர் புகார் கொடுத்தால் போதும். குழுக்களிடையே பகை மூட்டுவதைத் தண்டிக்கும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153ஏ, அதன் இடத்தில் வந்த இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவின் (பி.என்.எஸ்.) 196: மூன்றாண்டு வரை சிறை, ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு. வெள்ளிக்கிழமை மாலை கைது செய்தால், ஜாமீன் மனு திங்கள் வரை காத்திருக்க வேண்டியதுதான். செல்போன் ‘சாட்சியப் பொருள்’ ஆகிவிடும். எப்போது திரும்பி வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பிரிவில் போடும் வழக்கை நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க அரசின் முன்அனுமதி வேண்டும். எஃப்.ஐ.ஆர். போடவும் ஆளைத் தூக்கிப்போகவும் அது தேவையில்லை. செல்வாக்கு உள்ளவர் மேடையில் விஷம் கக்கினால் அனுமதிக் கோப்பு நகராது. முகநூலில் நாலு வரி எழுதியவருக்கோ, அனுமதி வருமா வராதா என்று தெரிவதற்குள் வேலையே போயிருக்கும்.

வெறும் பேச்சால் ஊர்களே எரிந்திருக்கின்றன என்பார்கள், உண்மைதான். புகாருக்குக் காத்திருக்காமல் வழக்குப் பதியுங்கள் என்று 2023 ஏப்ரலில் எல்லா மாநிலங்களுக்கும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதனால்தான். ஆனால், அந்த வேகம் பெரிய மேடைகளை விட்டுவிட்டு கார்ட்டூன் போடுகிறவரைத் தேடிப் போனால் என்ன செய்வது?

வழி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே (பி.என்.எஸ்.எஸ்.) இருக்கிறது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளில் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது அதன் 173(3) பிரிவு. பேச்சு, எழுத்து தொடர்பான வழக்குகளில் இதைச் செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதைக் கட்டாயமாக்குங்கள், அரசின் அனுமதியைக் கைதுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். தனிச் சட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.