காடியா, புளியா: எது வலிய அமிலம்?

புதுச்சேரி குபேர் அங்காடியில் புளிக்கும் பஞ்சமில்லை, வினிகருக்கும் பஞ்சமில்லை. மீன் குழம்புக்குப் புளி கரைக்கிற ஊர்தான்; ஆனால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊரில் சாலட்டுக்கு வினிகர் வேண்டாமா? வினிகர் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல்; 'புளித்த வைன்' என்பதே அதன் பொருள். நம்மிடம் காடி என்ற பழைய பெயர் உண்டு.

இரண்டில் எது வலிய அமிலம்? இந்த வழக்கில் நாக்கு நம்பத்தகுந்த சாட்சி இல்லை. கரைசலின் செறிவு, நெடி, கூடவே இருக்கும் உப்பு, இனிப்பு எல்லாம் அதை ஏமாற்றிவிடும்.

வேதியியல் பார்ப்பது ஒன்றைத்தான்: தன்னிடமுள்ள புரோட்டானை அமில மூலக்கூறு எவ்வளவு சுலபமாகக் கைவிடுகிறது? 1923இல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெடும் இங்கிலாந்தின் லௌரியும் தனித்தனியே அமிலத்துக்குச் சொன்ன இலக்கணம் இது. லிட்டருக்கு 0.1 மோல் வீதம் மூன்று அமிலங்களைத் தண்ணீரில் கரைப்போம். வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்தில் 1000 மூலக்கூறுக்குச் சுமார் 13தான் புரோட்டானை விடும். புளியின் டார்டாரிக் அமிலத்தில் ஏறத்தாழ 100. கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அநேகமாக 1000மும் விட்டுவிடும். ஆக, புளியே வலியது.

வலிமை வேறு, செறிவு வேறு. வலிய அமிலத்தில் ஒரு சொட்டை ஒரு குடம் தண்ணீரில் விட்டாலும் அது வலிய அமிலம்தான், நீர்த்துப்போயிருக்கிறது, அவ்வளவே. அபாயமும் வேறு கணக்கு. ஹைட்ரோபுளோரிக் அமிலம் வலிமையில் டார்டாரிக்கைவிடச் சற்றுக் குறைந்ததுதான், ஆனால் கண்ணாடியையே அரிக்கும். தோல் வழியே இறங்கி உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ஆளையே கொல்லவும் கூடும்.

கருவி இல்லாமல் இரண்டு அமிலங்களை மோதவிட ஒரு வழி உண்டு. வலியது, மெலியதை அதன் உப்பிலிருந்து கிளப்பிவிடும். ஒரு கிளிஞ்சல் மேல் வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைக்கும். கிளிஞ்சல் என்பது கார்பானிக் அமிலத்தின் கால்சியம் உப்பு. கார்பானிக் அமிலம் அசிட்டிக்கைவிட மெலியது. அசிட்டிக் வந்ததும் இடத்தைக் காலி செய்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுக்கால வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சும் காற்றுப்பட்டு இறுகியபின் இதே பொருள்தான். அந்தச் சுவர்களின் கறையை ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எனக்கு வயிறு எரியும்.

மெலியவற்றை ஒப்பிட்டாயிற்று. ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக், பெர்குளோரிக் போன்ற முரடர்களை எப்படி வரிசைப்படுத்துவது? தண்ணீர் இதற்கு உதவாது. யார் புரோட்டானை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும். எனவே மூவரும் அதில் சமமாகத் தெரிவார்கள். புரோட்டானை வாங்கத் தயங்கும் திரவம் வேண்டும். அப்போதுதான் யார் அடித்துத் திணிக்கிறார், யார் முயன்று தோற்கிறார் என்பது புலப்படும். 1927இல் அமெரிக்காவின் ஹாலும் கோனன்டும் அப்படியொரு திரவத்தில் சோதித்தார்கள். தண்ணீரில் இருப்பதைவிட மிக மூர்க்கமாக நடந்துகொண்ட அந்தக் கரைசல்களுக்கு 'மீஅமிலம்' என்ற பொருளில் பெயரும் வைத்தார்கள். இந்த மூன்றில் பெர்குளோரிக் முதலிடம், நைட்ரிக் கடைசி. அவர்கள் பயன்படுத்திய திரவம், தண்ணீர் கலக்காத அசிட்டிக் அமிலம்: புளியிடம் தோற்ற அதே காடிச் சத்து.