இரண்டாம் வீட்டின் அத்திவாரம் எங்கே?

குடியிருக்கச் சொந்தமாக ஒரு வீடு என்பதே புலம்பெயர்ந்து வந்த எம்மவரின் முதற் கனவாக இருந்தது. 1983ஆம் ஆண்டின் ஆடிக் கலவரத்துக்குப் பின்னர் நாடு நாடாக அலைந்து கனடாவை வந்தடைந்தோரிற் பலர், தொடர்மாடிக் கட்டடங்களில் ஓர் அறையை நால்வராகப் பகிர்ந்து, இரவும் பகலும் வேலை செய்து, சீட்டுக் கட்டி முற்பணம் சேர்த்தே முதலாவது வீட்டின் சாவியைக் கையிற் பெற்றனர். ஸ்காபரோவில் வேரூன்றிய அவ்வாழ்வு இன்று றூஜ் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே பிக்கரிங், ஏஜாக்ஸ் வரை பரந்துள்ளது.

இப்பொழுது பிக்கரிங் குடும்பங்கள் சிலவற்றின் பேச்சில் இரண்டாவது வீடொன்றும் இடம்பிடித்திருக்கிறது. வெளிநாட்டில் வாங்கி, விடுமுறைக்கு வருவோருக்கு நாட்கணக்கில் வாடகைக்கு விடுவதற்கான வீடு அது. ஆண்டுக்கு இரு கிழமைகள் பிள்ளைகளோடு சென்று தங்கலாம். எஞ்சிய காலத்தில் வாடகை வரும். வீடு தன் கடனைத் தானே அடைத்துக்கொள்ளும் என்று விற்போர் கூறுகின்றனர். இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மையானது, அதனை நம்பிக் கையொப்பமிடுபவர் எதனைப் பணயம் வைக்கிறார் என்பனவற்றை நாம் இங்கு நோக்குவோம்.

உள்ளூரில் வாங்கினால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். ரொறன்ரோ மாநகரில் ஒருவர் தாம் முதன்மையாகக் குடியிருக்கும் வீட்டை மாத்திரமே குறுங்கால வாடகைக்கு விடலாம். வேறொரு வீட்டை வாங்கி அவ்வாறு விடுவதற்கு இடமில்லை. அத்தோடு எமது நீண்ட பனிக்காலமும் சேர்ந்துகொள்ள, பார்வை இரு திசைகளிற் செல்கிறது. ஒன்று தெற்கே புளோரிடா. மற்றையது பிறந்த மண்.

கடன் யார் தலையில்?

எந்தத் திசையில் வாங்கினாலும் பணம் பெரும்பாலும் பிக்கரிங் வீட்டிலிருந்தே எடுக்கப்படுகிறது. வீட்டை ஈடாக வைத்துப் பெறும் சுழற்கடனை அதன் பெறுமதியின் 65 வீதம் வரையும், ஏற்கெனவேயுள்ள மோட்கேஜையும் சேர்த்து 80 வீதம் வரையும் வங்கிகள் வழங்குகின்றன. இக்கடனின் வட்டி பொதுவாக ஏறி இறங்கும் தன்மையது.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 0.25 வீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5 வீதமாயிற்று. இவ்வாறு இரண்டு இலட்சம் டொலர் கடன்பட்டிருந்த ஒரு குடும்பத்துக்கு, இந்த 4.75 வீத உயர்வினால் மாத்திரம் ஆண்டுக்கு 9,500 டொலர் மேலதிக வட்டி ஏற்பட்டிருக்கும். 2024 ஜூனிலிருந்து வட்டி படிப்படியாகக் குறைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் இடைப்பட்ட காலத்துத் தவணையை எவரும் தள்ளுபடி செய்யவில்லை. வாடகை வந்தாலும் வராவிட்டாலும் கடன் பிக்கரிங் வீட்டின் மீதே நிற்கும் என்பதனை முதலில் மனத்திற் கொள்ளவேண்டும்.

புளோரிடாவின் கணக்கு

1971ஆம் ஆண்டு ஒக்டோபரில் வோல்ட் டிஸ்னி வேள்ட் திறக்கப்பட்டதன் பின்னர் ஒர்லாண்டோவும் அதனையடுத்த கிசிமியும் விடுமுறை வீடுகளுக்குப் பெயர்பெற்றன. எனினும் அங்குள்ள எல்லா வீடுகளையும் நாட்கணக்கில் வாடகைக்கு விட முடியாது. அதற்கு அனுமதியுள்ள வலயத்தில் வீடு அமைந்திருத்தல் வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் விதிகளும் இடமளித்தல் வேண்டும். மாநில அரசின் அனுமதிப்பத்திரமும் பெறப்படல் வேண்டும். கிசிமி அமைந்துள்ள ஒசியோலா மாவட்டத்தில் விற்பனை வரியும் உல்லாசப் பயண வரியுமாக வாடகையின் மேல் 13.5 வீதம் அறவிடப்படுகிறது. இதனை விருந்தினரிடமிருந்து பெற்று உரிய இடங்களிற் செலுத்துவதற்கு வீட்டுக்காரரே பொறுப்பாளி.

சொத்துவரியிலும் ஒரு பொறி உண்டு. புளோரிடாவில் நிரந்தரமாகக் குடியிருப்போருக்குப் பெரும் வரிச் சலுகை கிடைக்கிறது. வெளிநாட்டு உரிமையாளருக்கு அது கிடையாது. வீடு கைமாறியதும் சந்தை விலைக்கேற்ப வரி மீண்டும் கணிக்கப்படும். ஆகவே விற்பவர் காட்டும் பழைய வரிச் சீட்டைப் பார்த்துக் கணக்குப் போடுபவர் அடுத்த ஆண்டில் அதிர்ச்சியடைவார்.

காப்புறுதியையும் மறத்தலாகாது. 2004ஆம் ஆண்டில் சார்லி, பிரான்சிஸ், ஜீன் ஆகிய மூன்று சூறாவளிகள் ஏறத்தாழ ஆறு வார காலத்தில் மத்திய புளோரிடாவைத் தாக்கின. 2022இல் வீசிய இயன் சூறாவளியின்போது கிசிமிப் பகுதியில் வெள்ளம் புகுந்தது. சாதாரண வீட்டுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை உள்ளடக்காது. அதற்கு வேறொரு காப்புறுதி எடுக்கவேண்டும். கடலோரத்தில் இல்லாத வீடுதானே என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று.

இரு நாட்டு வரி

எம்மவர் பலர் அறியாதிருப்பது வரியைப் பற்றியே. கனடாவில் வசிக்கும் ஒருவர் புளோரிடா வீட்டிலிருந்து பெறும் வாடகையில் அமெரிக்க அரசு சாதாரணமாக 30 வீதத்தைப் பிடித்துக்கொள்ளும். இது செலவு கழிக்கப்படாத மொத்த வாடகையிற் பிடிக்கப்படுவது.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஆண்டு வாடகை 40,000 டொலர். முகாமை, துப்புரவு, மின்சாரம், காப்புறுதி, வரி, வட்டி எல்லாமாகச் செலவு 36,000 டொலர். மிஞ்சுவது 4,000 டொலர். ஆனால் 30 வீத வரியோ 12,000 டொலர்! இலாபத்தைப்போல் மூன்று மடங்கு வரி. நிகர வருமானத்தின் மீதே வரி செலுத்துவதாக முறைப்படி தெரிவுசெய்து, அமெரிக்க வரி அடையாள இலக்கம் பெற்று, ஆண்டுதோறும் 1040 என்.ஆர். படிவத்தை நிரப்பி அனுப்புவோரே இந்நிலையைத் தவிர்க்க முடியும். காலம் தாழ்த்தினால் செலவுகளைக் கழிக்கும் உரிமையையே இழக்கவும் நேரிடலாம்.

கனடாவிலும் அதே வாடகையை அறிவிக்கவேண்டும். அமெரிக்காவிற் செலுத்திய வரிக்குக் கழிவு கோரலாம். வாடகைக்கு விடும் வெளிநாட்டுச் சொத்தின் கொள்விலை, ஏனைய வெளிநாட்டு முதலீடுகளையும் சேர்த்து, ஒரு இலட்சம் கனடிய டொலருக்கு மேற்படுமாயின் ரி1135 என்னும் படிவமும் கொடுக்கப்படல் வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 25 டொலராக 2,500 டொலர் வரை தண்டம் ஏறும்.

விற்கும்போது மேலும் இரு விடயங்கள் உள. வெளிநாட்டவர் விற்கும் வீட்டின் விலையில் 15 வீதத்தை வாங்குபவர் நிறுத்திவைத்து அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு அனுப்பவேண்டும் என்பது பொது விதி. சில விலக்குகளும் உண்டு. நாலு இலட்சத்துக்கு விற்றால் 60,000 டொலர் கைக்கு வராது. பின்னர் படிவம் நிரப்பியே மிகுதியைத் திரும்பப் பெறலாம்.

மற்றையது நாணய மாற்று. இரு டொலர்களும் ஏறத்தாழச் சமமாயிருந்த 2012இல் இரண்டு இலட்சம் அமெரிக்க டொலருக்கு ஒரு வீட்டை வாங்கி, அமெரிக்க டொலர் 1.30 கனடிய டொலராயிருந்த காலத்தில் அதே விலைக்கே ஒருவர் விற்றார் எனக் கொள்வோம். அமெரிக்கக் கணக்கில் இலாபம் இல்லை. கனடியக் கணக்கிலோ 60,000 டொலர் இலாபம். அதிற் பாதி வருமானத்தோடு சேர்க்கப்பட்டு வரி விதிக்கப்படும்.

எல்.எல்.சி. எனப்படும் கம்பனியின் பெயரில் வாங்கினால் நன்மை என்று அங்குள்ள சிலர் ஆலோசனை கூறுவர். அமெரிக்கருக்கு அது பொருந்தலாம். கனடாவோ அதனைத் தனிக் கம்பனியாகக் கருதுவதால், எம்மவர் ஒரே வருமானத்துக்கு இருமுறை வரி செலுத்தும் நிலை ஏற்படக்கூடும். உரிமையாளர் இறக்க நேரிட்டால், 60,000 டொலருக்கு மேற்பட்ட அமெரிக்கச் சொத்துக்கு அங்கும் மரணச் சொத்துவரிப் படிவம் கொடுக்கவேண்டியிருக்கும்.

இவற்றுக்கும் மேலாக, எல்லையைக் கடக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதும் கேள்வியே. கனடியக் குடியுரிமை பெற்றோர் விடுமுறைக்குச் செல்ல விசா தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டோடோ அகதிப் பயண ஆவணத்தோடோ இருப்போருக்கு அமெரிக்க விசா வேண்டும். தம் வீட்டைத் தாமே சென்று பார்க்க முடியாத நிலையில் முகாமையாளர் சொல்வதே கணக்காகிவிடும். குடியுரிமை உள்ளோருக்கும் 2020 மார்ச்சிலிருந்து 2021 நவம்பர் வரை அமெரிக்காவின் தரைவழி எல்லை உல்லாசப் பயணத்துக்கு மூடப்பட்டிருந்தது. டிஸ்னியும் 2020இல் ஏறக்குறைய நான்கு மாதங்கள் கதவடைத்திருந்தது. வீடு தன் கடனைத் தானே அடைக்கும் என்ற வாக்கு அம்மாதங்களில் எவருக்குக் கைகொடுத்தது?

பிறந்த மண்ணில் ஒரு வீடு

புளோரிடாவில் இத்தனை சிக்கல் என்றால் ஊரிலேயே ஒரு வீட்டை வாங்குவோம் என்று நினைப்பது இயல்பே. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. வருவோர் தங்க வீடு வேண்டும். எமக்கோ அம்மண்ணில் ஒரு பிடிப்பு வேண்டும். இவ்வாசையை நாம் குறைகூற மாட்டோம். ஆனால் இங்கு பணயமாகக்கூடியது பணம் மாத்திரம் அன்று.

கனடியக் குடியுரிமை பெற்றவர் இலங்கைச் சட்டப்படி தமது இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை உரிமை மாற்றுவதைத் தடைசெய்கிறது. தொடர்மாடி மனைகள் சிலவற்றுக்கும் உரித்தாளருக்கு முதுசமாக வருவனவற்றுக்கும் விலக்குண்டு. இரட்டைக் குடியுரிமை பெற்றோரை இத்தடை கட்டுப்படுத்தாது. எனவே முதலில் இரட்டைக் குடியுரிமை, பின்னரே உறுதி என்பதே ஒழுங்கு. உறவினர் பெயரில் எழுதிவைப்போம் என்று இவ்வொழுங்கை மீறுவோர், சட்டத்தின் கண்ணுக்கு உறுதியிலுள்ள பெயரே உரிமையாளர் என்பதனை நினைவிற் கொள்ளவேண்டும். காசு போவதோடு உறவும் போகும்.

காணியின் வரலாறும் ஆராயப்படல் வேண்டும். தேசவழமைச் சட்டத்தின்படி பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டு. பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் ஆட்சியுரிமை கோரலாம். யுத்தத்தினால் தம் காணிக்குச் செல்ல முடியாதிருந்தோரைக் காக்கவென 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. மலிவாகக் கிடைக்கும் வீட்டின் உண்மையான சொந்தக்காரர் எம்மைப்போல் இன்னொரு நாட்டில் அகதியாக இருக்கக்கூடும். காணிப் பதிவகத்தில் தேடாது, அற்றோணித் தத்துவத்தை மாத்திரம் நம்பிப் பணம் கொடுத்தல் ஆகாது.

வருவோர் தொகையும் நிலையானதன்று. இலங்கைக்கு 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தனர். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளையும் கொரோனாவையும் அடுத்து 2021இல் அத்தொகை இரண்டு இலட்சத்தையும் எட்டவில்லை. 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டியது. இடையில், 2022இல், ரூபாவும் சரிந்தது. ரூபாவில் வாடகை பெற்று டொலரில் வட்டி கட்டுவோர் இதன் பொருளை அறிவர்.

இனி நாம் கூறப்போவதை அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டும் இன்னும் குடியுரிமை பெறாதிருப்போர் கவனமாக வாசிக்க வேண்டுகிறோம். தாம் தப்பியோடி வந்த நாட்டின் பாதுகாப்பை ஒருவர் தாமாகவே மீண்டும் நாடினால் அவரது அகதிப் பாதுகாப்பு முடிவுறலாம். இலங்கைக் கடவுச்சீட்டைப் புதுப்பித்து அங்கு சென்று வருவது அதற்குச் சான்றாகக் கொள்ளப்படக்கூடும். 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டமாற்றத்தின்படி, இக்காரணத்தால் பாதுகாப்பு முடிவுறுமாயின் நிரந்தர வதிவிட உரிமையும் அதனோடேயே பறிபோகும். வீட்டுக்குக் கையொப்பமிடச் சென்றவர் கனடாவில் வாழும் உரிமையை இழக்க வேண்டுமா? குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் செய்யும் வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை. கோரிக்கை இன்னும் விசாரணையில் உள்ளோர் தமது குடிவரவுச் சட்டத்தரணியைக் கேளாமல் ஊர்க் காணி தொடர்பான எந்தப் பத்திரத்திலும் ஒப்பமிடலாகாது.

வாங்கலாமா, கூடாதா?

கலியாணம் செய்து பார், வீட்டைக் கட்டிப் பார் என்றனர் எம் முன்னோர். ஒரு வீட்டுக்கே அவ்வெச்சரிக்கை என்றால், கடல் கடந்த வீட்டுக்கு எத்தனை மடங்கு வேண்டும்? இருப்பினும் வாங்கவே கூடாது என்பது எமது கருத்தன்று. வாடகைக்கு விடும் விடுமுறை வீடு ஒரு வியாபாரம். கடை திறக்கும் ஒருவர் வாடகை, கூலி, வரி, நட்டம் யாவற்றையும் கணக்கிட்டே திறக்கிறார். வீடு என்றதும் எம்மவர் அக்கணக்கை விட்டுவிடுகின்றனர்.

ஆகவே வீட்டை விற்கும் முகவரோடு தொடர்பற்ற சட்டத்தரணி ஒருவரையும், இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரையும் முதலில் நாடுங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் சில ஆயிரம் டொலர் வீண் செலவன்று. அதன் பின்னர் கணவனும் மனைவியுமாக அமர்ந்து ஒரு கேள்விக்கு விடை காணுங்கள்: அந்த வீடு ஆறு மாதம் பூட்டிக் கிடந்தாலும் பிக்கரிங் வீட்டின் தவணை தவறாதா? தவறாது என்று கடதாசியில் எழுதிக் காட்டக்கூடியவர் வாங்கட்டும். காட்ட முடியாதவர் பிள்ளைகளோடு புளோரிடாவுக்குச் சென்று, பிறர் வீட்டில் இரு கிழமை வாடகைக்கு இருந்து வரட்டும். அவ்வாறு செல்பவர் திரும்பி வரும்போது பிக்கரிங் வீடு அவருடையதாகவே இருக்கும்.