அஞ்சறைப் பெட்டி ஈரலைக் காப்பாற்றுமா?

ஆபீஸில் சொன்னார்களே என்று மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்குப் போகிறீர்கள். வயிற்றில் ஜில்லென்று ஒரு ஜெல்லைத் தடவி ஸ்கேன் எடுக்கிறார்கள். சாயந்திரம் ரிப்போர்ட் வருகிறது. ‘நார்மல், நார்மல்’ என்று போகும் வரிகளுக்கு நடுவே ஒரு வரி மட்டும் உறுத்துகிறது: ‘ஃபாட்டி லிவர் - கிரேடு ஒன்று.’

“என்னங்க இது? நீங்கதான் குடிக்கிறதே இல்லையே!” என்று வீட்டில் பதறுகிறார்கள். ராத்திரிக்குள் விஷயம் மாடி வீட்டு மாமி வரைக்கும் போய்விடுகிறது. “மஞ்சப் பால்ல மிளகு தட்டிப் போட்டுக் குடிங்கோ, எல்லாம் கரைஞ்சுடும்” என்கிறார் மாமி. மச்சினரோ, “அதெல்லாம் வேலைக்கு ஆகாது, மஞ்சள் காப்ஸ்யூல் வந்திருக்கு, ஒரு டப்பா வாங்கிப் போடுங்க” என்கிறார். அக்கா போன் போட்டு, காலையில் வெறும் வயிற்றில் பட்டைத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறாள்.

யார் சொல்வதைக் கேட்பது? மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஒருவர் சொல்வதில் ஆபத்தும் உண்டு. நிதானமாகப் பார்ப்போம்.

ஈரலில் கொழுப்பு எப்படி வந்தது?

நம் உடம்பின் மிகப் பெரிய உள்ளுறுப்பு ஈரல். பெரியவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றரை கிலோ எடை இருக்கும். சாப்பிட்ட சாப்பாட்டில் செலவானது போக மிஞ்சும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொழுப்பாக மாற்றுகிற வேலையையும் அதுதான் செய்கிறது. வரவு அதிகம், செலவு குறைவு என்றால் அந்தக் கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடும். ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு சேர்ந்தால் அதுதான் ஃபாட்டி லிவர். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் இது வரும் என்று நினைக்காதீர்கள். மூன்று வேளையும் நிறையச் சோறு, நடுவில் இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி நாலு தடவை, உட்கார்ந்தே வேலை... இது போதும்.

குடிப்பழக்கத்தால் வருவது ஒரு வகை. குடிக்காமலே வருவது இன்னொரு வகை. இரண்டாவதற்கும் சர்க்கரை வியாதி, தொப்பை, ரத்தக் கொதிப்பு ஆகியவற்றுக்கும் நெருங்கிய உறவு இருப்பதால், 2023-ல் உலக அளவில் ஈரல் நிபுணர்கள் கூடி இதன் பெயரையே மாற்றிவிட்டார்கள். உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு சேர்ந்த நோய் என்பது புதுப் பெயரின் பொருள்.

நிறையப் பேருக்குக் கொழுப்பு கொழுப்பாகவே நின்றுவிடும். சிலருக்கு மட்டும் அந்தக் கொழுப்பு ஈரலைப் புண்ணாக்கும். புண் ஆறிய இடத்தில் தழும்பு விழும். தழும்பு ஏற ஏற ஈரல் சுருங்கி ‘சிரோசிஸ்’ என்ற நிலைக்குப் போகும். இது வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கிறது. வலி கிடையாது. ரத்தப் பரிசோதனைகூட நார்மல் என்று காட்டலாம். அதனால்தான் ‘கிரேடு ஒன்றுதானே’ என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடக் கூடாது.

மஞ்சள் என்ன செய்யும்?

மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது குர்குமின் என்ற பொருள். புண்ணையும் வீக்கத்தையும் தணிக்கும் குணம் அதற்கு உண்டு என்று ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஃபாட்டி லிவர்காரர்களுக்குக் கொடுத்தும் சோதித்திருக்கிறார்கள், முக்கியமாக ஈரானில். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடம்பு சுலபமாக ஏற்கும்படி மாற்றிய குர்குமினை எட்டு வாரம் கொடுத்தபோது ஈரல் கொழுப்பு குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால், இந்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னவை. நூறு பேருக்கு உட்பட்டவர்கள், இரண்டு மூன்று மாதம், அவ்வளவுதான். ஈரலின் தழும்பை மஞ்சள் ஆற்றும் என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நம் வீட்டு மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். கடையில் விற்கும் காப்ஸ்யூல்கள் பலவற்றில் 500 மில்லிகிராம் குர்குமின் இருக்கிறது. அவ்வளவு குர்குமினைத் தூளிலிருந்து பெற வேண்டுமென்றால் சுமார் 17 கிராம் மஞ்சள்தூள், அதாவது ஐந்தாறு டீஸ்பூன் தின்ன வேண்டும்! நாலு பேர் சாப்பிடும் சாம்பாருக்கு நாம் போடுவது கால் ஸ்பூன். ஆக, சாம்பார் மஞ்சள் வேறு, காப்ஸ்யூல் மஞ்சள் வேறு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகு சேர்த்தால்?

மாமி சொன்னது சும்மா இல்லை. வாய் வழியே போகும் குர்குமின் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே சேரும். 1998-ல் பெங்களூரில் செய்த ஆய்வு ஒன்றில், இரண்டு கிராம் குர்குமினோடு மிளகில் உள்ள பைப்பரின் என்ற பொருளை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் சேர்ந்த குர்குமின் 20 மடங்கு ஆயிற்று. மிளகும் மஞ்சளும் சேர்ந்த ரசத்தை நம் பாட்டிமார்கள் காலங்காலமாக வைத்து வந்திருக்கிறார்கள். ரசத்தில் இருப்பது சிறிய அளவு, அதனால் பயமில்லை. இதையே மாத்திரையில் அடைக்கும்போதுதான் வம்பு.

ஈரலுக்கென்று வாங்கியது ஈரலையே கெடுத்தால்?

அமெரிக்காவில், மருந்துகளால் ஈரல் கெட்டவர்களைக் கண்காணிக்கும் மருத்துவர் குழு 2022-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. மஞ்சள் மாத்திரையால் ஈரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றியது அது. ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது. ஒருவர் இறந்தே போனார். அவர்கள் சாப்பிட்டவற்றில் ஏழைச் சோதித்தபோது மூன்றில் மிளகுச் சத்தும் கலந்திருந்தது. இத்தாலியிலும் 2019-ல் இதே போன்ற புகார்கள் எழுந்தன. ஆஸ்திரேலிய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டது. சமையலுக்குப் போடும் மஞ்சளைப் பற்றிய எச்சரிக்கை அல்ல அது, மாத்திரைகளைப் பற்றியது.

எல்லோருக்கும் இப்படி ஆகாது, அபூர்வம்தான். ஆனால் ஏற்கெனவே ஈரலில் கொழுப்பு இருக்கிறவர், டாக்டரைக் கேட்காமல் இந்தப் பரிசோதனையை ஏன் செய்து பார்க்க வேண்டும்? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பித்தப்பையில் கல் உள்ளவர்கள், ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். மஞ்சள் காப்ஸ்யூல் சாப்பிடும்போது கண் மஞ்சளானாலோ, சிறுநீர் டீத்தண்ணி மாதிரி போனாலோ, பசியே இல்லாமல் குமட்டினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

பட்டை, இஞ்சி, பூண்டு

பட்டைப் பொடி ஒன்றரை கிராம் தினமும் கொடுத்துப் பார்த்ததில் பலன் தெரிந்ததாக 2014-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆனால் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது கெட்டியான, முரட்டுப் பட்டை. அதில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மீறினால் அதுவும் ஈரலுக்கு ஆகாது. 60 கிலோ எடையுள்ளவர் அந்தப் பட்டையைத் தினமும் 2 கிராமுக்கு மேல் தொடர்ந்து சாப்பிட வேண்டாம் என்று ஜெர்மன் அரசு நிறுவனம் ஒன்று கணக்குப் போட்டுச் சொல்லியிருக்கிறது. காகிதம் போல மெல்லிய சுருள்கள் பல அடுக்காக இருந்தால் அது இலங்கைப் பட்டை. அதில் கூமரின் மிகக் குறைவு. பிரியாணிக்கு ஒரு துண்டு போடுகிறவர்களுக்கு எந்தப் பட்டையானாலும் கவலை இல்லை. தினமும் பட்டைத் தண்ணீர் குடிக்கிறவர்கள்தான் எந்தப் பட்டை என்று பார்த்து வாங்க வேண்டும்.

இஞ்சியை 44 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தினம் 2 கிராம், 12 வாரம். எஸ்.ஜி.பி.டி. அளவு குறைந்தது. ஆனால் ஒன்று, அந்த ஆய்வில் இஞ்சி சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள் எல்லோருக்குமே சாப்பாட்டைக் குறைக்கவும் நடக்கவும் சொல்லியிருந்தார்கள். அதாவது இஞ்சி துணைக்கு வந்ததுதானே தவிர, வண்டியை ஓட்டியது அது இல்லை. பூண்டின் கதையும் இதுதான்.

அப்போ எதுதான் மருந்து?

சொன்னால் அலுத்துக்கொள்வீர்கள். எடையைக் குறைப்பதுதான்! உடல் எடையில் 3 முதல் 5 சதவீதம் குறைந்தாலே ஈரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் புண்ணும் ஆறும், தழும்பும்கூட மட்டுப்படலாம். 70 கிலோ இருக்கிறவர் 5 கிலோ இறக்கினால் போதும். அதுவும் மெதுவாக, சில மாதங்களில். பட்டினி கிடக்க வேண்டாம்.

ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80-க்குள்ளும் இருப்பது நல்லது. ஆள் ஒல்லிதான், தொப்பை மட்டும்தான் என்கிறவர்களுக்கும் ஃபாட்டி லிவர் வரும். தினமும் அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடங்கள். மதுவை அடியோடு விட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது, “தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா டாக்டர்?” என்று கேளுங்கள். வயது, எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நாலையும் வைத்து ஒரு கணக்குப் போடுவார். சந்தேகம் என்றால் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கச் சொல்வார். தழும்பு ஓரளவு முற்றியவர்களுக்கு 2024-லும் 2025-லும் அமெரிக்காவில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அவை எல்லோருக்கும் தேவைப்படாது.

அஞ்சறைப் பெட்டியை மூடிவிடவா?

வேண்டவே வேண்டாம்! அதன் உண்மையான உதவியே இனிமேல்தான். எண்ணெய், சர்க்கரை, உப்பு மூன்றையும் குறைத்தால் சாப்பாடு சப்பென்று போய்விடும் என்றுதானே வீட்டில் முணுமுணுப்பு? அந்த ருசியை மிளகும் சீரகமும் இஞ்சியும் பூண்டும் ஈடுகட்டும்.

மிளகு ரசத்தைச் சோற்றில் குளம்போல ஊற்றிக்கொள்ளாமல் டம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். சோற்றை ஒரு கரண்டி குறைத்து, பொரியலை ஒரு கரண்டி கூட்டுங்கள். காய்க்குத் தேங்காயைக் குறைத்து இஞ்சியும் சீரகமும் நுணுக்கிப் போடுங்கள். சுக்கு காபியில் வெல்லம் வேண்டாம். மஞ்சள் பாலில் பனங்கற்கண்டும் வேண்டாம். ‘நாட்டுச் சர்க்கரைதானே’ என்று ஈரல் சலுகை காட்டாது.

மாமி கொடுத்த மஞ்சள் பாலைச் சர்க்கரை இல்லாமல் சந்தோஷமாகக் குடியுங்கள். மச்சினர் சொன்ன டப்பாவை மட்டும், அவர் மனசு நோகாமல், “டாக்டரைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்று தள்ளிவையுங்கள். அந்தப் பணத்துக்கு நல்லதாக ஒரு ஜோடி செருப்பு வாங்கி, நாளைக்குக் காலையிலேயே நடக்க ஆரம்பியுங்கள். வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கும் ஒரு ஈரல் இருக்கிறது!