அப்பாவின் குரல் ஏன் சிறுத்துப்போகிறது? பார்க்கின்சனும் பேச்சும்: ஆய்வுகள் சொல்வது என்ன?

திருவண்ணாமலை பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பக்கத்தில் நடப்பவர் பேசுவதே காதில் விழாது. அது இயல்பு. ஆனால் வீட்டுக்குள், டிவியை அணைத்த பிறகும் அப்பா பேசுவது கேட்கவில்லை என்றால்? "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடுகிறோம். சிலருக்கு அது பார்க்கின்சன் நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

கை நடுக்கம் மட்டும்தானா?

இல்லை. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைவதால் உடலின் அசைவுகள் சிறுத்துப்போகின்றன. நடையில் அடி குறுகும், கையெழுத்து பொடியாகும். பேச்சும் ஓர் அசைவுதான். மூச்சு, குரல்நாண், நாக்கு, உதடு எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. அதனால் குரல் தணிகிறது, ஏற்ற இறக்கம் மறைகிறது, சொற்கள் குழறுகின்றன. 1978-ல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 200 பார்க்கின்சன் நோயாளிகளில் 89 சதவீதம் பேருக்குக் குரல் பிரச்சினை இருந்தது.

அவருக்கே அது தெரியாதா?

இதுதான் சிக்கலே. "கொஞ்சம் சத்தமா பேசுங்கப்பா" என்றால், "நான் கத்தித்தானே பேசுறேன்!" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. தன் குரலின் அளவை எடைபோடும் மூளையின் கணக்கே பிசகியிருக்கிறது. அதனால் அதட்டுவது பலன் தராது. அந்தக் கணக்கைத் திருத்தும் பயிற்சிதான் வேண்டும்.

அப்படிப் பயிற்சி இருக்கிறதா?

இருக்கிறது. 1987-ல் அமெரிக்காவில் லோரெய்ன் ரமிக் குழுவினர் உருவாக்கிய 'எல்எஸ்விடி லவுட்' முறையில் வாரம் 4 நாள், 4 வாரம், மொத்தம் 16 அமர்வுகள். 'உரக்கப் பேசு' என்பதுதான் ஒரே இலக்கு. பிரிட்டனில் 388 பேரிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2024-ல் வெளியானது. வழக்கமான பேச்சுப் பயிற்சியைவிட இந்த முறை பெற்றவர்களுக்குக் குரல் பிரச்சினையின் பாதிப்பு கூடுதலாகக் குறைந்தது. சிலருக்குத் தொண்டை கம்மியதும் பதிவானது. லெவோடோபா மாத்திரை கைகால் அசைவுக்கு உதவும் அளவுக்குப் பேச்சுக்கு உதவுவதில்லை.

ஒரே மாதத்தில் 16 முறை முதியவரை வேலூருக்கோ சென்னைக்கோ அழைத்துப்போவது நடக்கிற காரியமா? வீடியோ வழியாகவும் நேருக்கு நேர் பயிற்சிக்கு இணையான பலன் கிடைத்ததை ஆஸ்திரேலியாவில் 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது.

குரல் மட்டுமா, மொழியுமா?

மொழியும்தான். சொல் சட்டென்று வராது, நீளமான வாக்கியம் புரிய நேரமாகும். 'கத்தி' போன்ற பெயர்ச்சொற்களைவிட 'வெட்டுதல்' போன்ற செயலைக் குறிக்கும் சொற்களில் பலரும் தடுமாறுவதைப் பல மொழிகளில் ஆய்வாளர்கள் கவனித்துள்ளனர்.

தமிழில் என்ன நடக்கிறது?

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் நிம்ஹான்ஸும் இணைந்து, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பேசும் நோயாளிகளின் குரலைப் பதிவுசெய்து, கணினியால் நோயை அடையாளம் காண முடியுமா என்று ஆராய்கின்றன. 'ஆ' என்று நீட்டிச் சொல்வது, 'ப-ட-க' என்று வேகமாக அடுக்கிச் சொல்வது, இயல்பாகப் பேசுவது ஆகியவை இதற்கான சோதனைகள். தமிழில் குறிலும் நெடிலும் மாறினாலே 'கல்' 'கால்' ஆகிவிடும். ஆங்கிலக் குரல்களில் மட்டும் பழகிய கருவியை அப்படியே நம் வீட்டுப் பெரியவரிடம் வைத்துப் பார்க்க முடியாது. செல்போன் செயலி சொல்வதை வைத்து நோயை முடிவுசெய்யவும் கூடாது.

நாம் என்ன செய்யலாம்?

• குரல் மாற்றம் சில வாரங்கள் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். குரல்நாண், தைராய்டு கோளாறும் காரணமாகலாம்.
• பேச்சு திடீரென்று குழறினால் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.
• சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• பார்க்கின்சன் உறுதியானால், பேச்சு சிகிச்சை நிபுணரிடம் எப்போது போகலாம் என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். பேச்சு முழுதாகக் குன்றும்வரை காத்திருக்க வேண்டாம்.
• முகம் பார்த்து உட்காருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். குடும்ப முடிவுகளில் அவரையும் கேளுங்கள். பதில் வரத் தாமதமாகலாம், அதற்காக அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை.