தாழ்ந்த ஒலியும் பெட்டியும்

சேலத்தினின்று நாமக்கல் வழியாகக் கரூர் நோக்கிச் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் மாலை வேளையில் நிற்பார்க்கு, சில கார்கள் கண்ணுக்குப் புலனாகு முன்னரே அவற்றின் ‘தும், தும்’ என்னும் ஓசை நெஞ்சில் வந்து மோதும். அவ்வோசையை எழுப்புங் கருவியைச் சப்வூபர் என்பர். அதில் ஆசை கொண்ட இளைஞர் பலர், கைப்பொருளை யெல்லாம் ஒலிபெருக்கியிற் செலவிட்டு, பெட்டியை மட்டும் எஞ்சிய பலகையாற் செய்வித்துப் பின்னர் ஏமாற்ற மடைகின்றனர். பெட்டி வெறும் உறையன்று. கருவியிற் பாதி அதுவேயாம்.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகருங்கால் முன்புறத்துக் காற்று நெருக்குண்கின்றது. அதே கணத்திற் பின்புறத்துக் காற்று நெகிழ்கின்றது. பெட்டியின்றி மேசைமேல் வைத்து இயக்கினால், முன்னுள்ள நெருக்கம் விளிம்பைச் சுற்றியோடிப் பின்னுள்ள நெகிழ்ச்சியை நிரப்பிவிடும். உயர்ந்த ஒலிக்கு அலை குறுகியதாதலின் இவ்விழப்புப் பெரிதன்று. நொடிக்கு 40 அதிர்வுள்ள ஒலிக்கோ அலையின் நீளம் ஏறக்குறைய எட்டரை மீட்டர், காரினும் நெடியது. ஆதலின் முன்னொலியும் பின்னொலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்னொலியைச் சிறைப்படுத்துதலே பெட்டியின் முதற் கடமை.

முற்றும் மூடிய பெட்டியில் அடைபட்ட காற்று ஒரு வில்லைப்போல நின்று கூம்பை மீளத் தள்ளும். அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1954-இல் இக்காற்று வில்லையே நம்பிச் சிறு பெட்டியில் ஆழ்ந்த ஒலியைப் பிறப்பித்துக் காட்டினார். பெட்டி மிகச் சிறிதாயின் வில் விறைத்து, ஒலி ஆழமிழந்து முழங்கும். இங்கேதான் கணக்கு வேண்டும். புறத்தே ஒவ்வொரு பக்கமும் ஓரடியுள்ள பெட்டியை ஒரு கனவடி என்று மயங்குவர். முக்கால் அங்குலப் பலகை, அதாவது தச்சர் மொழியில் ஆறு நூல் கனமுள்ள பலகை, இரு புறமும் இடத்தை உண்பதால், உள்ளே பத்தரை அங்குலமே எஞ்சும். கன அளவு சற்றேறக்குறைய மூன்றில் இரண்டு பங்காய்க் குறைந்துவிடும். காந்தம் அடைக்கும் இடத்தையும் இதிற் கழித்தல் வேண்டும்.

மற்றொரு வகை, துளையும் குழலும் உடைய பெட்டி. குழாயடியிற் குடத்தில் நீர் நிரம்ப நிரம்ப ஓசை மேலேறுவதை நாம் அனைவரும் கேட்டிருக்கின்றோம். உள்ளிருக்கும் காற்றின் அளவு சுருங்கச் சுருங்க அதன் இயல்பான அதிர்வு உயர்கின்றது. பெட்டியும் ஒரு குடமே. பின்னொலியை வீணாக்காது குழல்வழி முன்னொலியோடு சேர்க்கும் இம்முறைக்கு, பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஆல்பர்ட் துராஸ் 1932-இல் உரிமை பெற்றார். குழலின் நீளத்தையும் அகலத்தையும் கணிக்கும் வழியை, ஆஸ்திரேலியராகிய நெவில் தீல் 1961-இலும், அவரைத் தொடர்ந்து ரிச்சர்ட் ஸ்மாலும் வகுத்தனர்; ஒலிபெருக்கியோடு வரும் தாளில் அவ்விருவர் பெயரால் வழங்கும் எண்களே அவை. இவ்வகை உரத்து ஒலிக்கும். ஆயினும், குழலுக்குரிய அதிர்வுக்குக் கீழே காற்று தடையின்றி ஓடுமாதலின், வில்லற்ற கூம்பு அளவு கடந்து ஆடிக் கெடும். மூடிய பெட்டியோ சிறு பிழையைப் பொறுக்கும். புதியோர் அதனையே கொள்ளுக. காரின் உட்புறம் சிறியதாதலின் மிகத் தாழ்ந்த ஒலி அங்கே தானே பெருகும். அதுவும் மூடிய பெட்டிக்குத் துணை.

லாரிக்குப் பாடி கட்டுவதற்குப் பேர்போன நாமக்கல்லில் கைதேர்ந்த தச்சருக்குக் குறைவில்லை. ஆனால் பாடியில் ஒரு நூல் இடைவெளி குற்றமாகாது. ஒலிப்பெட்டியில் அதுவே பெருங்குற்றம். நாம் முதலிற் செய்த பெட்டி மூலையொன்றில் ‘புஸ்’ என்று மூச்சுவிட்டது. அதைப் பேய் என்று நகையாடினோர் உண்டு. மூட்டுக்களிற் பசையிட்டுத் திருகாணியால் இறுக்கி, உள்விளிம்பைக் காற்றுப் புகாதபடி பூசுக. பின்னர்க் கூம்பை இரு கையாலும் மெல்ல உள்ளே அழுத்தி விடுக; அது தயங்கித் தயங்கி மீளுமாயின் பெட்டி நன்று, உடனே துள்ளுமாயின் எங்கோ கசிவுண்டு. அகன்ற பலகை தானே அதிராதபடி உள்ளே குறுக்குச் சட்டம் ஒன்று கொடுத்தலும், திடீரென்று பிரேக் இடுங்கால் பெட்டி முன்னோக்கிப் பாயாதபடி காரின் தரையோடு அதனை இறுகப் பிணித்தலும் வேண்டும்.