டக்டைல்னா வாத்து வாலா?

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் குடிநீருக்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். "டி.ஐ. பைப் சார்" என்றார் மேஸ்திரி. டக்டைல் அயர்ன் என்று நான் விளக்க, "வாத்து வாலா?" என்றார் டீக்கடைக்காரர்!

உடையாமல் நீண்டு கொடுப்பதுதான் டக்டைல். தங்கத்தைக் கம்பியாக இழுக்கிறோமே, அந்தக் குணம். தகடாகத் தட்ட முடிந்தால் அது மேலியபிள். சுத்தியலுக்கான லத்தீன் சொல்லில் பிறந்தது.

பழைய வார்ப்பிரும்புக்கு இரண்டுமே கிடையாது. லேத்தில் மைல்ட் ஸ்டீல் ஜிலேபியாகச் சுருளும், இது தூளாக உதிரும். உள்ளே கிராஃபைட் செதில் செதிலாக இருப்பதுதான் வில்லன். லாரி அழுத்தினால் குழாயில் விரிசல். தண்ணீர் நிற்கும் நேரத்தில் அதன் வழியே சாக்கடை உள்ளே புகும். அப்புறம் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்குதான்.

1943-ல் அமெரிக்காவில் கீத் மில்லிஸ் உருகிய இரும்பில் கொஞ்சூண்டு மெக்னீஷியம் கலந்தார். செதிலெல்லாம் உருண்டையாகிவிட்டது. உருண்டையில் விரிசல் ஓட வழியில்லையே!